விண்மீன் மங்கினால் நமக்கு என்ன தெரியவரும்?

2019 கடைசியில் திருவாதிரை மங்கத் தொடங்கியபோது 'வெடிக்கப் போகுது' என்று வாட்ஸ்அப் குழுக்களில் ஓடிய ஓட்டம் பலருக்கு நினைவிருக்கும். திருவெம்பாவைக் காலத்தில் விடியப்புறம் எழும்பிக் கோயிலுக்குப் போகிறவர்கள் நிறைந்த ஊர் திருகோணமலை, ஆருத்திரா தரிசனத்தின் நட்சத்திரமே மங்குகிறது என்றால் கேட்கவா வேண்டும், ஆளுக்கொரு கதை. நிமிர்ந்து பார்த்தவர்கள்தான் குறைவு. பார்த்திருந்தாலும் அது மாரி காலம், பாதி நாள் முகில்.

நடந்தது இதுதான். 2020 பெப்ரவரியில் திருவாதிரை தன் வழக்கமான வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. ஓரியன் கூட்டத்தின் ஒரு தோளில் திருவாதிரை, மற்றத் தோளில் பெலாட்ரிக்ஸ். எப்போதும் திருவாதிரைதான் எடுப்பாகத் தெரியும், அந்த மாதம் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவாகத் தெரிந்தன. மே மாதத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. வெடிப்பு ஒன்றும் இல்லை. விண்மீன் தன் மேற்பரப்பிலிருந்து வாயுவைக் கக்கி, அந்த வாயு குளிர்ந்து தூசியாகி நமக்கும் அதற்கும் நடுவில் வந்து நின்றது, மேற்பரப்பின் ஒரு பகுதியும் அந்த நேரம் குளிர்ந்திருந்தது என்று, சிலி நாட்டிலுள்ள பெரிய தொலைநோக்கிகள் எடுத்த படங்களை வைத்துப் பிறகு விளக்கினார்கள்.

இதில் படம் எடுக்க முடிந்ததே ஒரு விதிவிலக்கு. திருவாதிரை அவ்வளவு பெரியது, ஓரளவு கிட்டவும் இருக்கிறது. மற்ற விண்மீன்களில் மிகச் சிலவற்றைத் தவிர எல்லாமே எந்தத் தொலைநோக்கியில் பார்த்தாலும் வெறும் புள்ளிதான். புள்ளியில் மேடு பள்ளம் தெரியாது, அது ஒன்றா இரண்டா என்றுகூடத் தெரியாது, கிட்டவா தூரவா என்றும் சொல்ல முடியாது. அதன் ஒளியை நிறங்களாகப் பிரித்து ஆராயலாம், அது தனிக் கலை, அதற்குக் கருவி வேண்டும். இன்னொரு வழி மிகவும் எளியது: எவ்வளவு வெளிச்சம் என்று அளந்து, திகதியும் நேரமும் போட்டு எழுதி வைத்து, நாளைக்கும் அளந்து, அடுத்த மாதமும் அளந்து, நேரத்துக்கு எதிரே வெளிச்சத்தை வைத்து ஒரு வரைபு கீறுவது. வானியலில் இவ்வளவு மலிவான முதலுக்கு இவ்வளவு பெரிய வரவு தந்த முறை வேறு இல்லை என்பது என் எண்ணம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். விண்மீன் மினுங்குவது வேறு, இது வேறு. மினுங்கல் நம் வளிமண்டலத்தின் வேலை. உப்புவெளிக் கரையில் நின்று கடலுக்கு மேல் தாழ்வாக இருக்கும் ஒன்றைப் பார்த்தால் அது பச்சை, சிவப்பு, நீலம் என்று துள்ளும், உச்சிக்கு வந்தபின் அமைதியாகிவிடும். இங்கே பேசுவது மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் வருடக்கணக்கிலும் விண்மீனே உண்மையில் கூடிக் குறைவதை.

ஐரோப்பியப் பதிவுகளில் இந்தக் கதை 1596இல் தொடங்குகிறது. டேவிட் ஃபப்ரீசியஸ் என்ற போதகர் திமிங்கிலக் கூட்டத்தில் ஒரு விண்மீனைக் கண்டார், சில மாதங்களில் அதைக் காணவில்லை. பிறகுதான் அது ஏறத்தாழ 11 மாதத்துக்கு ஒரு தடவை வந்து போகிறது என்று தெரிந்தது. 'வியப்புக்குரியது' என்ற பொருளில் மீரா என்று பெயர் வைத்தார்கள். உச்சத்தில் வெறுங்கண்ணுக்கு நன்றாகத் தெரியும், தாழ்வில் பைனாகுலர்கூடப் போதாது. விண்ணுலகம் மாறாதது என்று நம்பியிருந்த காலத்தில் அது பெரிய அடி.

ஆனால் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்து ஒரு காரணத்தையே கண்டுபிடிக்கலாம் என்று காட்டியது அல்கோல். பேர்சியஸ் கூட்டத்திலுள்ள இது பெரும்பாலான நேரம் ஒரே வெளிச்சத்தில் இருக்கும், பிறகு திடீரென்று சில மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கி, அதே வேகத்தில் திரும்ப ஏறிவிடும். 1782இல் இங்கிலாந்தின் யோர்க் நகரில் ஜோன் குட்ரிக் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வயது 18, சிறு வயதிலிருந்தே காது கேளாதவர். இறக்கங்களுக்கு இடையே 2 நாள் 20 மணி 49 நிமிடம் என்று கணக்கிட்டார். ஏதோ ஒரு பொருள் அதைச் சுற்றி வந்து மறைக்கிறதாக இருக்கலாம் என்று அடுத்த வருடம் இலண்டன் ரோயல் சொசைட்டிக்கு எழுதினார். அந்த ஊகம் சரி என்று நிறமாலையை, அதாவது நிறங்களாகப் பிரித்த ஒளியை, வைத்து உறுதியானது 1889இல். குட்ரிக் 21 வயதிலேயே இறந்துவிட்டார்.

இந்த வரைபை உற்றுப் பார்த்தால் அதில் எவ்வளவு இருக்கிறது என்பது புரியும். இறக்கம் ஒரே கால இடைவெளியில் வருகிறது, ஆகவே சுற்றுப்பாதை. ஒரு மறைப்பு முழுதாக முடிய ஏறத்தாழ 10 மணி நேரம் எடுக்கிறது, மொத்தச் சுற்றோ 69 மணி நேரம். அப்படியென்றால் இரண்டும் தங்களுக்கிடையிலான தூரத்தோடு ஒப்பிடும்போது சிறியவை அல்ல, ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. பெரிய இறக்கங்களுக்கு நடுவே, கருவி வைத்து அளந்தால் மட்டும் தெரிகிற சின்ன இறக்கம் ஒன்றும் உண்டு: அது மங்கலான விண்மீன் பிரகாசமானதன் பின்னால் போகும் நேரம். இரண்டு பள்ளங்களின் ஆழத்தையும் ஒப்பிட்டால் எது எவ்வளவு சூடு என்பதும் வந்துவிடும். இரண்டு விண்மீன் என்று கண்ணால் யாரும் பிரித்துப் பார்க்காமலே இவ்வளவும்.

அல்கோலை இங்கிருந்தும் பார்க்கலாம், மார்கழி, தை மாதங்களில் முன்னிரவில் வடக்குப் பக்கம் நல்ல உயரத்தில் நிற்கும். ஆனால் அந்தக் கால இடைவெளியில் ஒரு விளையாட்டு இருக்கிறது. இன்று இரவு 1 மணிக்கு அது மிக மங்கலாக இருந்தால் அடுத்த இறக்கம் மூன்றாம் இரவு 9.49க்கு, அதற்கடுத்தது இன்னும் மூன்று நாள் கழித்து மாலை 6.38க்கு, அதாவது வானம் இருட்டி முடிவதற்குள். பிறகு வருவது பகலில், நமக்கில்லை. ஒரே ஊரில் இருந்து பார்க்கிறவருக்கு இரண்டு மூன்று இறக்கம் கிடைத்தால் பிறகு பல நாள் ஒன்றுமில்லை. இந்த இடைவெளித் தொல்லை பின்னாலும் வரும்.

வெளிச்சத்தை எண்ணாக எழுதுவது எப்படி? பழைய கிரேக்க வழக்கப்படி மிகப் பிரகாசமானவை முதல் பொலிவெண், கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரிகிறவை ஆறாவது. எண் கூடினால் வெளிச்சம் குறைவு, தலைகீழ்தான், பழகிவிடும். இதற்கு 1856இல் கணிதப்படி ஒழுங்கு கொடுத்தவர் நோர்மன் பொக்சன்: ஐந்து படி என்றால் சரியாக 100 மடங்கு, ஒரு படி 2.512 மடங்கு. உயர்தரத்தில் மடக்கை படித்தவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. நமக்குச் சுவையான செய்தி வேறு. இதே பொக்சன் 1861இல் சென்னை வானாய்வகத்துக்குப் பொறுப்பாளராக வந்து 30 வருடம் அங்கேயே இருந்து அங்கேயே இறந்தார். நுங்கம்பாக்கத்திலிருந்த அந்த ஆய்வகத்தில் அவரோடு வேலைசெய்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ரெட்டிக்குலம் என்ற தென்வானக் கூட்டத்தில் ஒரு மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். மீரா வகையைச் சேர்ந்தது, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது மாதம். இந்தியர் ஒருவர் கண்டுபிடித்ததாகப் பதிவான முதல் மாறும் விண்மீன் அதுதான். பொக்சன் பெயர் எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது, ரகுநாதாச்சாரி பெயர் எங்கள் பாடநூல்களில் நான் கண்டதில்லை.

சரி, மறைப்பு ஒரு வகை. இன்னொரு வகையில் விண்மீன் தானே விரிந்து சுருங்குகிறது. 1784 செப்டெம்பரில் குட்ரிக்கின் நண்பர் எட்வர்ட் பிகொட் கழுகுக் கூட்டத்தில் ஒன்றைக் கண்டார், அடுத்த மாதமே குட்ரிக் செபியஸ் கூட்டத்தில் இன்னொன்றைக் கண்டார். இரண்டாவதின் பெயரால் இந்த வகைக்கு செபீட் என்று பெயர். வரைபைப் பார்த்தாலே இது மறைப்பு இல்லை என்று தெரிந்துவிடும்: அல்கோலைப் போல ஒரே மட்டத்தில் இருந்து திடீரென்று இறங்குவதில்லை, நிற்காமல் மாறிக்கொண்டே இருக்கும், ஏறும்போது விறுவிறு, இறங்கும்போது மெதுவாக. இந்த விண்மீன்களின் வெளிப்படலத்தில் உள்ள ஹீலியம், அமுக்கத்தில் சூடாகும்போது எலெக்ட்ரான்களை இழந்து ஒளியை வெளியே விடாமல் தடுக்கிறது. தடுபட்ட சக்தி படலத்தை வெளியே தள்ளுகிறது. விரிந்து குளிர்ந்ததும் ஹீலியம் எலெக்ட்ரானைத் திரும்பப் பிடித்துக்கொள்ள ஒளி தப்பிவிடுகிறது. தாங்க ஒன்றும் இல்லாமல் படலம் திரும்ப விழுகிறது. பெரிய விண்மீனுக்கு இந்தச் சுற்று நீளமாக எடுக்கும், பெரிய விண்மீன் உண்மையில் அதிகம் ஒளிர்வதும்கூட.

இந்தக் கடைசி வரியைத்தான் ஹென்ரியேட்டா லெவிட் கண்டுபிடித்தார், காரணம் யாருக்கும் தெரியாத காலத்தில். ஹார்வர்ட் வானாய்வகத்தில் மணிக்கு 30 அமெரிக்கச் சதம் சம்பளத்துக்கு, பெரு நாட்டின் அரெக்கிப்பாவில் எடுத்து அனுப்பிய கண்ணாடித் தட்டுப் படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, எந்தப் புள்ளி பருத்திருக்கிறது, எது மெலிந்திருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. தென்வானில் முகில்போலத் தெரியும் இரண்டு விண்மீன் திரள்களான மகெல்லன் முகில்களில் மட்டும் 1,777 மாறும் விண்மீன்களை 1908இல் பட்டியலிட்டார். 1912இல் சின்ன மகெல்லன் முகிலிலுள்ள 25ஐ எடுத்து, சுற்று எவ்வளவு நீளமோ வெளிச்சம் அவ்வளவு கூட என்று காட்டினார்.

இது ஏன் பெரிய விஷயம்? இரவில் கடலைப் பார்த்தால் வள்ளங்களின் வெளிச்சம் வரிசையாகத் தெரியும். மங்கலாகத் தெரிவது சின்ன பல்பா, தூரத்து வள்ளமா என்று கரையில் நிற்கிறவருக்குத் தெரியாது. பல்ப் எத்தனை வாட் என்று யாராவது சொன்னால் தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். செபீட்டின் சுற்றுக் காலம்தான் அந்த வாட் எண். லெவிட்டுக்கு வாய்ப்பாக அமைந்தது, சின்ன முகிலிலுள்ள விண்மீன்கள் எல்லாம் நம்மிலிருந்து கிட்டத்தட்ட ஒரே தூரத்தில், ஏறத்தாழ 2 இலட்சம் ஒளியாண்டில் (ஒளியாண்டு என்பது ஒளி ஒரு வருடத்தில் போகும் தூரம்) இருந்ததுதான். ஆகவே பார்வைக்கு எது கூட வெளிச்சமோ அது உண்மையிலும் கூட வெளிச்சம்.

பிறகு நடந்தது எல்லோரும் கேள்விப்பட்டது. 1923 ஒக்ரோபரில் எட்வின் ஹபிள் அன்ட்ரோமீடாவில் ஒரு செபீட்டைக் கண்டு, சுற்று 31 நாள் என்று அளந்து, தூரம் 9 இலட்சம் ஒளியாண்டு என்றார். அன்ட்ரோமீடா நம் பால்வீதிக்குள் இருக்கும் முகில் இல்லை, வெளியே உள்ள இன்னொரு பால்வீதி என்று அந்த ஒரு வரைபு முடிவு கட்டியது. எண் பிழைதான், சரியான தூரம் 25 இலட்சம் ஒளியாண்டு. செபீட்டில் இரண்டு வகை இருப்பது 1950களில்தான் தெளிவானது, தெளிவானதும் அண்டத்தின் தூரங்கள் ஒரே நாளில் இரட்டிப்பாகின. அது தனிக் கதை.

இந்த இடத்தில் திருகோணமலைக்காரர் கொஞ்சம் பெருமைப்படலாம். நமக்கு மிகக் கிட்டவுள்ள செபீட் எது தெரியுமா, துருவ நட்சத்திரம். நாலு நாளுக்கு ஒரு சுற்று, ஆனால் மாற்றம் மிகச் சிறியது, கண்ணுக்குப் பிடிபடாது. நமது ஊர் அகலாங்கு 8.6 பாகை என்பதால் அது வடக்கே அடிவானத்திலிருந்து அதே 8.6 பாகை உயரத்தில் நிற்கிறது. லெவிட்டின் சின்ன மகெல்லன் முகில் தெற்கே உச்ச நிலைக்கு வரும்போது எவ்வளவு உயரம் வரும் என்று கணக்குப் பார்த்தால் அதுவும் கிட்டத்தட்ட 8.6 பாகைதான். நிலாவெளிப் பக்கம் வடக்கே ஒன்று, கொட்டியாரக்குடாப் பக்கம் தெற்கே மற்றது, இரண்டும் ஒரே மட்டத்தில். யோர்க்கிலிருந்தும் ஹார்வர்டிலிருந்தும் அந்த முகில் ஒருபோதும் எழாது. கணக்குப்படி நமக்குத் தெரிய வேண்டும் என்றாலும், அடிவானப் புகாரும் மூதூர்ப் பக்கத்து வெளிச்சமும் சேர்ந்து அதை விழுங்கிவிடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த வாதம். குவாசர் என்பவை தொலைநோக்கியில் விண்மீன் போலவே வெறும் புள்ளி, ஆனால் பல நூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருந்துகொண்டு ஒரு முழுப் பால்வீதியை விடக் கூடுதலாக ஒளிர்கின்றன. அவற்றின் வெளிச்சம் கூடிக் குறைகிறது, சிலவற்றில் ஒரு சில நாட்களிலேயே. இதில் என்ன வந்துவிட்டது என்று தோன்றும். ஒரு பொருள் ஒரு ஒளியாண்டு அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முழுதும் ஒரே கணத்தில் பற்றி எரிந்தாலும் முன்பக்க ஒளி முதலில் வரும், பின்பக்க ஒளி ஒரு வருடம் கழித்துத்தான் வந்துசேரும். நாம் காண்பது ஒரு வருடமாக மெல்ல மெல்ல ஏறும் வெளிச்சம். அப்படியென்றால் ஒரே நாளில் வெளிச்சம் இரட்டிப்பாகும் பொருள், ஒளி ஒரு நாளில் போகும் தூரத்தை விடப் பெரிதாக இருக்க முடியாது. அந்தத் தூரம் ஏறத்தாழ 2,600 கோடி கிலோமீற்றர். பெரிதாகத் தோன்றலாம், நெப்டியூன் பாதையின் குறுக்களவைப் போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். பத்தாயிரம் கோடி விண்மீன்கள் தரும் ஒளியை அதற்குள் அடைக்க விண்மீன்களால் முடியாது. பெரும் நிறையுள்ள கருந்துளை ஒன்றில் வாயு சுழன்று விழும்போது மட்டும்தான் அந்த அளவு சக்தி அந்த அளவு இடத்திலிருந்து வரும். படமே இல்லாமல், எவ்வளவு வேகமாக மாறுகிறது என்ற ஒரே கேள்வியிலிருந்து இவ்வளவு தூரம் போக முடிந்திருக்கிறது.

வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களைத் தேடும் கதை எல்லாச் செய்தித்தாளிலும் வந்துவிட்டதால் சுருக்கமாக. கோள் முன்னால் போனால் விண்மீன் கொஞ்சம் மங்கும்; மறைக்கும் பரப்பு எவ்வளவோ அவ்வளவு. வியாழனின் குறுக்களவு சூரியனில் பத்தில் ஒன்று, ஆகவே நூறில் ஒரு பங்கு மங்கல். பூமி என்றால் ஏறத்தாழ 12,000இல் ஒரு பங்கு. முதலாவதை 1999இலேயே தரையிலிருந்து பிடித்தார்கள், இரண்டாவதுக்கு 2009இல் கெப்ளர் விண்கலத்தை ஏவ வேண்டியிருந்தது. ஒன்றரை இலட்சம் விண்மீன்களை ஒரே இடத்தைப் பார்த்தபடி வருடக்கணக்கில் அளந்தது அது. நம் சூரியக் குடும்பத்துக்குள்ளும் இதே வித்தைதான். வானியலாளர் கசினி, 1671இல் தான் கண்டுபிடித்த சனியின் துணைக்கோள் ஐயாப்பெட்டஸ் சனிக்கு மேற்கே தெரிவதையும் கிழக்கே போனால் காணாமற் போவதையும் பார்த்து, அதன் ஒரு பக்கம் கறுப்பு, மற்றப் பக்கம் வெளுப்பு என்று சொன்னார். மூன்று நூற்றாண்டுக்குப் பிறகு விண்கலங்கள் எடுத்த படத்தில் அப்படியே இருந்தது.

இந்த முறையின் பலவீனம் இடைவெளிதான். பகலில் அளக்க முடியாது, மழையில் முடியாது, நிலவு முற்றினால் மங்கலானவை போச்சு. நமக்கு ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை மாரி, திருவாதிரையும் மீராவும் அல்கோலும் நன்றாகத் தெரிகிற காலமே அதுதான். தினமும் ஒரே நேரத்தில் மட்டும் அளந்தால் இன்னொரு சிக்கல்: ஒரு நாளுக்குச் சற்றுக் குறைவான சுற்றுள்ள ஒன்று, பல நாள் சுற்றுள்ளது போலப் போலி வரைபு காட்டும். அதனால்தான் உலகின் வெவ்வேறு தீர்க்காங்கில் ஆட்கள் தேவை. 1911இல் அமெரிக்காவில் தொடங்கிய மாறும் விண்மீன் பார்வையாளர் சங்கத்துக்கு இன்றும் பொழுதுபோக்காகப் பார்க்கிறவர்கள்தான் அளவீடுகளை அனுப்புகிறார்கள், திருவாதிரை மங்கலின் தொடர்ச்சியான வரைபுக்கும் அவர்கள் பங்கு பெரியது. இலங்கையில் மொறட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிலையத்தில் ஜப்பான் கொடுத்த 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி ஒன்று உண்டு. கோணேசர் மலையடியில் சுழியோடிக் கடலில் கிடந்த கோயில் இடிபாடுகளைப் பார்த்த அதே கிளார்க்தான். சிலியில் 2025இல் முதல் படங்களைத் தந்த ரூபின் தொலைநோக்கி, தெற்கு வானம் முழுவதையும் சில இரவுக்கு ஒரு தடவை படமெடுத்து 10 வருடம் தொடரப் போகிறது. மாறியவை என்று ஒரே இரவில் ஒரு கோடி வரை அறிவிப்பு வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆனால் திருவாதிரை போன்ற பிரகாசமானவை அதன் கமராவுக்குக் கூடிப்போன வெளிச்சம். அவற்றுக்குக் கண்ணும் சின்னக் கருவிகளும்தான் நல்லது.

செய்துபார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது பிகொட்டின் அந்தக் கழுகுக்கூட்டச் செபீட்டை, ஈட்டா அக்குவிலே. கச்சான்காற்று காலத்தில், ஆகஸ்ட் கடைசியில் இரவு 10 மணிபோல, திருவோணத்தின் மூன்று விண்மீன்கள் நேர் உச்சியில் இருக்கும். நடுவிலுள்ள பிரகாசமானது நம் ஊருக்கு மிகச் சரியாகத் தலைக்கு மேலால் போகிறது. அதிலிருந்து தெற்கே, கையை நீட்டி விரலை மடக்கினால் வரும் முட்டியின் அகலத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் ஈட்டா. அது 7 நாள் 4 மணி நேரத்தில் பொலிவெண் 3.5க்கும் 4.4க்கும் இடையே ஏறி இறங்கும். ஒப்பிட, திருவோண மூன்றில் மங்கலானது 3.7, அதே கூட்டத்தின் டெல்ட்டா 3.4, அயோட்டா 4.4. எது எதைவிடக் கூட, எவ்வளவு கூட என்று மட்டும் பார்த்து, நேரத்தோடு எழுதுங்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடமாவது வேண்டும், ஃபோனை எடுத்தால் மீண்டும் முதலிலிருந்து. திருவாதிரை மாதிரிச் சிவப்பானவற்றை உற்று உற்றுப் பார்க்கக் கூடாது, பார்க்கப் பார்க்கக் கண் அதைப் பிரகாசமாகக் காட்டும், ஒரு விரைந்த பார்வையே போதும். முந்தின நாள் எழுதியதைப் பார்த்துவிட்டு அளக்கவும் கூடாது, மனம் தனக்குத் தெரிந்த விடையைத்தான் சொல்லும்.